அம்மாவுக்கு பிடி-எல்1 60%: 'களைத்த டி செல்லை எழுப்பும் ஊசி' என்கிறார்கள், யாராவது விளக்குங்களேன்

திருமங்கலத்தான்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய், நாலாம் கட்டம். பீடி சிகரெட் வாடையே ஆகாது, ஆனால் பாதி வாழ்க்கை விறகடுப்புப் புகையில்தான். பயாப்சி ரிப்போர்ட்டில் 'பிடி-எல்1: 60%' என்று இருக்கிறது, நூற்றில் அறுபது புற்றுசெல்லில் அந்தப் புரதம் இருக்கிறதாம். புற்றுசெல்லின் மரபணு மாற்றத்தைப் பார்க்கும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே ரிப்போர்ட்டுகள் இன்னும் வரவில்லை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். 'அறுபது நல்ல நம்பர், இம்யூனோதெரபி நன்றாகக் கேட்கும், அடுத்த வாரமே ஆரம்பித்துவிடலாம், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி' என்றார்கள். 'டி செல் களைத்துப் போயிருக்கிறது, அதைத் தட்டி எழுப்பும் மருந்து' என்று ஒரு வரி விளக்கம். தொகையைக் கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

ஊரில் ஒரு பெரியவர், 'களைப்பு என்றால் சத்து இல்லாமல்தான், சத்து ஏற்றினால் தானே எழுந்துவிடும்' என்கிறார். எதை நம்புவது? இன்னொன்று, அம்மாவுக்குப் பல வருடம் முன்பு டிபி வந்து ஆஸ்டின்பட்டி டிபி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். அது இந்த ஊசிக்கு இடைஞ்சலா?

இயற்கைவழி

அண்ணே, பெரியவர் சொன்னதுதான் சரி. சீந்தில் கொடிப் பொடி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன். எதிர்ப்பு சக்தி ஏறினால் எந்த செல்லும் களைக்காது. லட்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு முன்னால் ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பாருங்கள். இன்பாக்ஸில் வாருங்கள், கிடைக்கும் இடம் சொல்கிறேன்.

பல்கலைநகர் எலி

திருமங்கலத்து அண்ணே, நான் டாக்டர் இல்லை. பல்கலை நகரில் ஆய்வு மாணவன், எலிகளோடும் டி செல்லோடும்தான் குடித்தனம். மருந்து போடலாமா வேண்டாமா என்பதை டாக்டர்கள் யாராவது வந்து சொல்லட்டும். டி செல்லுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டி செல் என்பது நம் நோய் எதிர்ப்புப் படையின் ஒரு வெள்ளணு. எதிரியைக் கண்டுகொண்டதும் அது பெருகத் தொடங்கும். அதே வேகத்தில் தன் மேற்பரப்பில் பிடி-1 என்ற மூலக்கூறையும் ஏற்றிக்கொள்ளும். எதிரே இருக்கும் செல்லில் பிடி-எல்1 இருந்து இரண்டும் பிணைந்தால், 'போதும், நிறுத்து' என்ற சமிக்ஞை டி செல்லுக்குள் போகும். இப்படித் தடுப்பவற்றைத்தான் சோதனைச்சாவடி மூலக்கூறுகள் என்கிறோம். சாதாரண வைரஸ் காய்ச்சலில் கிருமி ஒழிந்ததும் பிடி-1 இறங்கிவிடும். புற்றுநோயில் எதிரி போவதே இல்லை. அதே ஆன்டிஜென், அதாவது டி செல் எதிரியை அடையாளம் காணும் துண்டு, மாதக்கணக்கில் கண்முன்னால் நிற்கிறது. பிடி-1 இறங்காமல் நிற்க, கூடவே லாக்-3, டிம்-3, டிஜிட் என்று வேறு தடைகளும் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. முதலில் பெருகும் திறன் போகும், அப்புறம் கொல்லும் வேதிப்பொருள்களைச் சுரக்கும் திறன் போகும்.

இது சத்துக் குறைவு இல்லை என்பதை எங்கள் மேஜையிலேயே பார்க்கலாம். கட்டியிலிருந்து பிரித்த டி செல்லை ஒரு தட்டில், மண்ணீரலிலிருந்து எடுத்த நல்ல டி செல்லை இன்னொரு தட்டில் போடுவோம். இரண்டுக்கும் ஒரே ஊடகம்; குளுக்கோஸ், சீரம் எல்லாம் தாராளம். ஆன்டிஜென் துண்டைக் கொடுத்து ஐந்தாறு மணி நேரம் வைத்து, சாயம் ஏற்றி, செல் ஒவ்வொன்றையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஓட்டினால், மண்ணீரல் செல்கள், டி செல்லின் தாக்குதல் வேதிப்பொருளான இன்டர்ஃபெரான் காமாவின் அச்சில் மேலே ஏறித் திரண்டு நிற்கும். கட்டிச் செல்களோ பிடி-1 அச்சில் வலது ஓரம் வரை போயிருக்கும், இன்டர்ஃபெரான் அச்சில் தரையோடு கிடக்கும். உயிர் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, எதிரியும் எதிரே இருக்கிறது. ஆனாலும் சுரக்காது. ஏனென்றால் எந்த மரபணுவைத் திறக்கலாம், எதைப் பூட்ட வேண்டும் என்ற அமைப்பே அந்தச் செல்லுக்குள் மாறிவிட்டது. டாக்ஸ் என்ற புரதம்தான் அந்த மாற்றத்தின் முக்கியப் புள்ளி என்று 2019-ல் பல ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டின. பொடி, கஷாயம், டானிக் எதுவும் போய்த் தொடும் இடம் இல்லை அது.

வடகரை வாத்தியார்

தம்பி எலி, நன்றாகச் சொன்னாய். முப்பது வருடம் விலங்கியல் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் ஒரு கேள்வி. இவ்வளவு ஆபத்தான தடையை உடம்பு ஏன் வைத்திருக்கிறது? புற்றுநோய்க்கு உதவி செய்யவா?

பல்கலைநகர் எலி

ஐயா, தடை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று செய்தே பார்த்திருக்கிறார்கள். சிடிஎல்ஏ-4 இன்னொரு பிரேக். அதன் மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் பிறந்து மூன்று நான்கு வாரத்தில் செத்துப்போயின. டி செல் கட்டுக்கடங்காமல் பெருகி இதயம், கணையம் என்று உள்ளுறுப்புகளுக்குள் புகுந்துவிட்டது. இது 1995-ல் வந்த முடிவு.

ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதுவின் குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், 2006-ல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. எல்சிஎம்வி என்ற வைரஸ் நாள்பட்டுத் தங்கிய எலிகளில் பிடி-எல்1-ஐ ஆன்டிபாடி கொண்டு மறைத்ததும், முடங்கிக் கிடந்த டி செல்கள் திரும்ப வேலை செய்தன, வைரஸ் குறைந்தது. அதே ஆய்வில் பிறவியிலேயே பிடி-எல்1 இல்லாத எலிகளுக்கு அந்த வைரஸைக் கொடுத்தால், எலிகளே செத்தன. கொன்றது வைரஸ் இல்லை, அவற்றின் சொந்த டி செல். ஜெயிக்க முடியாத சண்டையில் உறுப்பு நாசமாகாமல் இருக்க உடம்பு செய்துகொண்ட சமரசம் இந்தக் களைப்பு. நாள்பட்ட தொற்றில் அது உயிரைக் காக்கிறது, புற்றுநோயில் அதுவே பாதகமாகிவிடுகிறது.

வடகரை வாத்தியார்

அப்படியானால் 'எதிர்ப்பு சக்தியை ஏற்று' என்பதே விபரீதமான யோசனைதான். 2006-ல் லண்டனில் நடந்தது நினைவிருக்கிறதா? சிடி28 என்பது டி செல்லின் ஆக்சிலரேட்டர். அதை நேரடியாக அழுத்தும் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்குக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் பிழைத்தார்கள் என்றாலும் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெரியார் நிலையத்து நெரிசலில் நிற்கும் டவுன் பஸ்ஸின் ஆக்சிலரேட்டரை அழுத்துவது வேறு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுவது வேறு. முதலாவது எதிரே யார் நிற்கிறார்கள் என்றே பார்க்காது.

பல்கலைநகர் எலி

ஐயா, உதாரணம் பாதி தூரம் வரைதான் ஓடும். ஹேண்ட் பிரேக்கை எடுத்தால் எந்த பஸ்ஸும் நகரும். இங்கே எல்லா டி செல்லும் நகராது. களைத்த செல்களுக்குள்ளேயே இரண்டு ரகம். டிசிஎஃப்-1 என்ற புரதத்தை இன்னும் வைத்திருக்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு, பெருகும் திறனை இழக்காதவை. பிடி-1-ஐ மறைக்கும் மருந்து, அதாவது இந்த இம்யூனோ ஊசி, கொடுத்ததும் பெருகி, புதிய படையை உண்டாக்குவது இவைதான். 2016-ல் ரஃபி அகமதுவின் குழுதான் இதையும் காட்டியது. முற்றிலும் களைத்துப்போன ரகம் மருந்து கொடுத்தாலும் மீள்வது அபூர்வம். மருந்தை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பும் செல்களும் உண்டு.

ஆக, அந்த டாக்டர் சொன்ன 'தட்டி எழுப்புதல்' எல்லோருக்கும் நடப்பதில்லை. கட்டிக்குள் டி செல் போயிருக்க வேண்டும். போனவற்றில் அந்த டிசிஎஃப்-1 கூட்டம் கையிருப்பாக மிச்சமிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் விலை உயர்ந்த ஊசி ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

சிம்மக்கல்

ஆஜர். படித்துக்கொண்டிருக்கிறேன். சித்தப்பாவுக்கும் இதே ஊசியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டியம் (புற்றுநோய் மருத்துவ முதுநிலை மாணவர்)

திருமங்கலத்தான், உங்கள் பதிவில் என் கண்ணை உறுத்தியது அறுபது சதவீதம் இல்லை. 'ஈஜிஎஃப்ஆர் இன்னும் வரவில்லை, அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம்' என்பதுதான். மூச்சுத் திணறல் மாதிரி அவசரம் எதுவும் இல்லையென்றால் அந்த ரிப்போர்ட் வரும் வரை இம்யூனோதெரபியைத் தொடங்க வேண்டாம். அவசரம் இருந்தால் கூட முதல் சுற்றுக்குக் கீமோ மட்டும் கொடுத்துக் காத்திருக்கலாம். உங்கள் டாக்டரிடம் இதை நேராகவே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

காரணத்தையும் சொல்கிறேன். பிடி-எல்1 அதிகம் என்றால் பெம்ப்ரோலிசுமாப் என்ற பிடி-1 ஊசி தனியாகவே நன்றாக வேலை செய்யும் என்பதற்கு அடிப்படை, 2016-ல் வந்த கீநோட்-024 ஆய்வு. பிடி-எல்1 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள 305 பேர். ஐந்து வருடம் கழித்து ஊசிக் குழுவில் சுமார் 32 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கீமோ குழுவில் சுமார் 16 சதவீதம். நாலாம் கட்ட நுரையீரல் புற்றில் இது பெரிய விஷயம். ஆனால் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. நம் நாட்டு நுரையீரல் அடினோகார்சினோமாவில் நாலில் ஒருவருக்கோ அதற்கு மேலோ ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. புகைக்காத பெண் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். உங்கள் அம்மா அந்தக் கட்டத்தில்தான் வருகிறார்.

'சரி, மாற்றம் இருந்தாலும் பிடி-எல்1 அறுபது இருக்கிறதே' என்று கேட்பீர்கள். ஒரு கட்டியில் பிடி-எல்1 ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டி செல் உள்ளே வந்து தாக்குகிறது, அதன் இன்டர்ஃபெரான் காமா பட்டு, புற்றுசெல் தற்காப்பாக பிடி-எல்1-ஐ ஏற்றிக்கொள்கிறது. இங்கே தடையை நீக்கினால் பலன் உண்டு, ஏனென்றால் தடைக்குப் பின்னால் ஒரு படை இருக்கிறது. இன்னொன்று, ஈஜிஎஃப்ஆர் சமிக்ஞை தானாகவே பிடி-எல்1-ஐ ஏற்றிவிடுகிறது. டி செல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே அறுபதாகத்தான் தெரியும்.

அதைவிட முக்கியம்: பிடி-1 ஊசி உடம்பில் மாதக்கணக்கில் தங்கும். அதைப் போட்டுவிட்டு, அப்புறம் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் தெரிந்து, அதைக் குறிவைக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரை தொடங்கினால், நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்து கூடுகிறது, குறிப்பாக முதல் மூன்று மாதத்துக்குள். மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஊசி போட்டவர்களிடம் அந்தச் சிக்கல் அப்படித் தெரியவில்லை. வரிசை மாறினால் வினை. சில நாள் பொறுப்பதில் நஷ்டமில்லை.

திருமங்கலத்தான்

டாக்டர், இதை யாருமே சொல்லவில்லை. மிக்க நன்றி. டிபி விஷயம்?

கட்டியம்

நல்ல கேள்வி, பலர் கேட்காமல் விடுவது. பிடி-1 தடையை எடுத்தால் டிபிக்கு எதிராகவும் டி செல் நன்றாக வேலை செய்யும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பிடி-1 இல்லாத எலிகளுக்கு டிபி கிருமியைக் கொடுத்தபோது அவை சாதாரண எலிகளைவிடச் சீக்கிரம் செத்தன. அளவுக்கு மீறிய அழற்சியே காரணம். மனிதர்களிலும் இந்த ஊசிக்குப் பிறகு உறங்கிக் கிடந்த டிபி தலைதூக்கிய நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். முழுக் கோர்ஸ் முடித்தவர்களுக்கு ஊசியே கூடாது என்று அர்த்தம் இல்லை. பழைய சீட்டு, எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள், சளிப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். நம் ஊரில் நுரையீரலில் புது நிழல் தெரிந்தால் அது புற்றா, டிபியா, மருந்தின் அழற்சியா என்று மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

இயற்கைவழி

எல்லோரும் கூட்டு சேர்ந்து ஊசி விற்கிறீர்கள். சீந்திலால் என்ன கெடுதல் என்று ஒருத்தராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

கட்டியம்

சொல்கிறேன். கொரோனா காலத்தில் நம் நாட்டில் சீந்தில் தொடர்ந்து சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அடுத்து பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்தும் வெளியிட்டன. தன்னுடம்பையே தாக்கும் வகைக் கல்லீரல் அழற்சி. பிடி-1 ஊசியின் பக்க விளைவுகளில் ஒன்றும் அதேதான். இரண்டையும் சேர்த்து எடுத்துக் கல்லீரல் என்சைம் ஏறினால் எதனால் என்றே கண்டுபிடிக்க முடியாது, நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வரும். இந்த இழையில் ஊசி வேண்டாம், பொறுங்கள் என்று சொன்னதும் நான்தான், அதையும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

மேலமாசி மருந்துக்கடை

விலைப் பக்கம் நான் கொஞ்சம் சொல்கிறேன். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக் வைத்து வரும். பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது ஜெல் பேக் இன்னும் கெட்டியாக இருக்கிறதா, குப்பி அதில் நேரடியாக ஒட்டிக்கொண்டு உறைந்துவிட்டதா என்பதைத்தான். உறைந்தாலும் வீண், சூடானாலும் வீண். குலுக்கவும் கூடாது. நீங்களே வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், மருத்துவமனைக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். காலிக் குப்பியையும் பில்லையும் கேட்டு வாங்கிப் பேட்ச் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

முழு அளவு பெம்ப்ரோலிசுமாப் என்றால் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குப்பி இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இன்னொரு பிடி-1 ஊசியான நிவோலுமாப் 240 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கம்பெனிகளே நோயாளி உதவித் திட்டம் வைத்திருக்கின்றன, சில குப்பி வாங்கினால் சில இலவசம் என்று. பில் போடுவதற்கு முன்னாலேயே பதிய வேண்டும், பின்னால் போய்க் கேட்டால் கிடைக்காது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் இந்த மருந்து பட்டியலில் வருமா என்பதைக் காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டு உறுதிசெய்த பிறகு நகையைத் தொடுங்கள். 2024 பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கிய மூன்று புற்றுநோய் மருந்துகளில் பிடி-எல்1 மருந்தான டுர்வாலுமாப் ஒன்று, டாக்டர் சொன்ன ஒசிமெர்டினிப் இன்னொன்று.

சிம்மக்கல்

அண்ணே, சித்தப்பாவுக்கு வாய்ப்புற்று. 'குறைந்த டோஸ் நிவோலுமாப்' என்று எழுதியிருக்கிறார்கள். காசில்லாதவன் என்று பாதி மருந்தைக் கொடுத்து ஒப்பேற்றுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

கட்டியம்

இல்லை. அது மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு முடிவு. தலை, கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட், செலகாக்சிப், எர்லோடினிப் என்ற மூன்று மாத்திரை சிகிச்சை ஒரு குழுவுக்கு. இன்னொரு குழுவுக்கு அதோடு நிவோலுமாப் வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வருடம் கழித்து மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 16.3 சதவீதம் உயிரோடு இருந்தார்கள், ஊசியும் போட்டவர்களில் 43.4 சதவீதம்.

இது எப்படி முடிகிறது என்றால், டி செல்லின் மேல் உள்ள பிடி-1-ஐ நிரப்பக் கொஞ்சம் மருந்தே போதும். நிரம்பிய பிறகு எவ்வளவு ஊற்றினாலும் கூடுதலாகப் பிணைய இடமில்லை. கீமோ அப்படி இல்லை.

மேலமாசி மருந்துக்கடை

நிவோலுமாப் 40 மில்லிகிராம் குப்பியும் உண்டு. ஒரே நாளில் இரண்டு பேரை வரவழைத்து ஒரு குப்பியைப் பகிர்ந்தால் ஆளுக்கு 20. செலவு பாதி. சித்தப்பா வார்டில் அப்படிச் செய்கிறார்களா என்று விசாரியுங்கள்.

வடகரை வாத்தியார்

ஒரு நிமிடம். அந்த ஆய்வில் 20 மில்லிகிராமையும் முழு அளவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்களா?

கட்டியம்

ஒப்பிடவில்லை ஐயா. எனவே 'முழு அளவுக்குச் சமம்' என்று அதிலிருந்து சொல்ல முடியாது. 'ஊசியே இல்லாததைவிட நிச்சயம் மேல்' என்று சொல்லலாம். முழு அளவை வாங்கவே முடியாத குடும்பத்துக்கு அதுதானே கேள்வி? ஆனால் வாய்ப்புற்றில் கிடைத்த முடிவை நுரையீரலுக்கு அப்படியே தூக்கிவைக்கக் கூடாது. சிம்மக்கல், உங்கள் சித்தப்பாவுக்கு இது ஒப்பேற்றல் இல்லை. தைரியமாகப் போடுங்கள்.

உசிலை செவிலி

இம்யூனோ ஊசி போடும் டே கேர் வார்டில் வேலை பார்க்கிறேன். தம்பிகளா, ஊசி ஏறுவது அரை மணி நேரம்தான். பெரும்பாலும் முடி கொட்டாது, வாந்தி வராது, ஆள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். அதனாலேயே அப்புறம் வருவதைக் கோட்டை விடுகிறார்கள். பிரேக் எடுத்த டி செல் எந்த உறுப்பையும் தாக்கலாம், அதுவும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்து. ஊசியை நிறுத்திய பிறகும் வரும். வழக்கத்தைவிட நாலு முறை கூடுதலாக வயிற்றாலை போனால் ஓஆர்எஸ் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், அது பெருங்குடல் அழற்சியாக இருக்கலாம். புதிதாக வறட்டு இருமல், மூச்சு வாங்குவது, திடீரென்று அடங்காத தாகம், நெஞ்சு வலி, கண் மஞ்சள், எழுந்து நடக்க முடியாத அசதி, எதுவானாலும் அன்றைக்கே போன். தைராய்டு பாதிப்பு நிறையப் பேருக்கு வரும், மாத்திரையோடு சமாளிக்கலாம். இதயத் தசை அழற்சி அபூர்வம், ஆனால் வந்தால் ஆபத்து.

இன்னொன்று. இரவு நேரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது 'கீமோ போட்டிருக்கு' என்று சொல்லாதீர்கள், மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். கீமோ என்றால் கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் போடுவார்கள். இதற்குப் பெரும்பாலும் தேவை ஸ்டீராய்டு. மருந்துப் பெயரை ஒரு அட்டையில் எழுதி அம்மா மணிபர்சில் வைத்துவிடுங்கள்.

வடகரை வாத்தியார்

எலி தம்பி, லாக்-3, டிஜிட் என்று அடுக்கினாயே, அவற்றுக்கும் மருந்து வந்துவிட்டதா?

பல்கலைநகர் எலி

லாக்-3க்கு ரெலாட்லிமாப், 2022-ல் நிவோலுமாப்போடு சேர்த்து மெலனோமா என்ற தோல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டிஜிட் மேல் பெரும் பணம் கொட்டினார்கள், நுரையீரல் புற்றில் அதற்கான டிராகோலுமாப் மருந்து தேறவில்லை. கார்-டி செல்லுக்கும் இதே தலைவலிதான். மும்பை ஐஐடியில் பிறந்து 2023-ல் இங்கே அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 மாதிரி சிகிச்சைகளில் செல்லை வெளியே எடுத்து மாற்றியமைத்து ஏற்றுகிறார்கள். உள்ளே போன செல் களைத்துவிட்டால் நோய் திரும்பலாம். எனக்குக் கேட்டால், பிரேக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பலன் வரப்போவதில்லை. டிசிஎஃப்-1 கையிருப்பை எப்படிப் பாதுகாப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் பிரேக்குகளை எடுக்கும் வழியைக் கண்டதற்காக 2018-ல் ஆலிசனுக்கும் ஹோஞ்ஜோவுக்கும் நோபல் கொடுத்த பிறகு எல்லோரும் அடுத்த பிரேக்கைத் தேடித்தான் ஓடுகிறார்கள்.

திருமங்கலத்தான்

எல்லோருக்கும் ஒரு தகவல். ரிப்போர்ட் வந்துவிட்டது. 'ஈஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 டிலீஷன்' என்று இருக்கிறது. கட்டியம் டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டேன். வேறு ஒரு டாக்டரிடமும் காட்டினோம். ஊசி இப்போதைக்கு வேண்டாம், ஒசிமெர்டினிப் 80 மில்லிகிராம், தினம் ஒன்று என்று எழுதிவிட்டார். டிபி பழைய சீட்டையும் பார்த்தார். அப்படியானால் அந்த அறுபது சதவீதம் பொய்யா?

கட்டியம்

பொய் இல்லை, அளந்தது சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். டி செல்லைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாத்திரை நன்றாகக் கேட்கும் வகை மாற்றம் இது. முதல் ஸ்கேன் எப்போது என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலமாசி மருந்துக்கடை

இந்த மாத்திரைக்கும் உதவித் திட்டம் உண்டு தம்பி. முதல் டப்பா வாங்குவதற்கு முன்னாலேயே பதிந்துவிடுங்கள். ஆதார், ரிப்போர்ட், சீட்டு மூன்றின் நகலோடு வாருங்கள்.

உசிலை செவிலி

நகச்சுற்று வரும், தோல் வறளும், பேதி ஆகும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள், பாத்திரம் விளக்குவதைக் கொஞ்ச நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இருமல் கூடினால் இதற்கும் உடனே போக வேண்டும். மாத்திரை தொடங்கும் முன் ஈசிஜி எடுத்தார்களா?

திருமங்கலத்தான்

எடுத்தாச்சு அக்கா. எக்கோ நாளைக்கு.